பூசைத்தட்டில் இருந்த மெமரிக் கார்ட்

கொடிகாமம் சந்தைக்கு எதிரேயுள்ள ஸ்ரூடியோவில் படங்களைத் திருத்தி அல்பம் அடுக்குவது உதயகலாவின் வேலை. சி மொழியில் நிரல் எழுதுவது அவள் தானாகப் படித்துக்கொண்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்தபின் மிஞ்சும் நேரத்தில் படித்தாள். ஒரு நிரல் ஏன் பிழையாக ஓடியது என்று தெரியாமல் அவள் கொம்பியூட்டரை மூடியதில்லை.

ஆயுதபூசைக்காக முதலாளி செந்தூரன் கமராக்களைத் துடைத்தான். மெமரிக் கார்டுகளுக்குள்ளும் பழையது கிடக்கக்கூடாதென்று எல்லாவற்றையும் ஃபோமற் செய்து, சந்தனப் பொட்டு வைத்துச் சரசுவதிக்கு முன்னால் அடுக்கினான். தீபம் காட்டி முடிந்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

“அக்கா, ஆழ்வாப்பிள்ளை ஐயா வீட்டுப் படங்களைக் கொம்பியூட்டரிலை ஏத்தீட்டியளோ?”

“நீர் கார்ட் தந்தால்தானே ஏத்திறதுக்கு?”

ஆழ்வாப்பிள்ளையின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ரொறன்ரோ, பாரிஸ், மெல்பேர்ண் என்று சிதறியிருந்த பிள்ளைகள் எல்லோரும் முதன்முறையாக ஒன்றாக வந்து, படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். இனி அப்படிக் கூடுவார்களா?

செந்தூரன் கார்டை எடுக்கப் போனான்.

“கையை எடும்! தட்டிலேயே கிடக்கட்டும்.”

ஃபோமற் செய்தால் படங்களின் பட்டியல்தான் அழியும்; புதுப்படம் மேலே எழுதப்படாதவரை பழையவை உள்ளேதான் இருக்கும். பூசையில் வைத்ததை விசயதசமி வரை யாரும் தொடப்போவதில்லை என்பது அவளுக்கு நிம்மதி.

விசயதசமி காலை, கார்டிலிருந்த சந்தனத்தைத் துடைத்து, முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாகப் பிரதியெடுத்தாள். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் FF D8 FF என்ற மூன்று பைற்றுகளுடன் தொடங்கும். அவற்றைக் காணும்போதெல்லாம் முந்தைய படத்தை மூடிப் புதியதைத் திறக்கும்படி நிரல் எழுதி, அந்தப் பிரதியில் ஓடவிட்டாள். வந்த கோப்புகளில் ஒன்று திறக்கவே இல்லை. அடுத்தது தபால் முத்திரையளவுப் படம். எல்லாம் இப்படியே மாறி மாறி வந்தன.

“இதையே பெருப்பிச்சுக் குடுப்பம் அக்கா.”

“மூக்கும் முழியும் தெரியாத படத்தை ஐயாவிட்டை நீரே கொண்டுபோய்க் குடும்.”

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, உதயகலாவுக்குப் பிழை பிடிபட்டது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் கமரா ஒரு குட்டிப்படத்தை வைக்கிறது. அதுவும் அதே பைற்றுகளுடன்தான் தொடங்குகிறது. நிரல் அங்கே பெரிய படத்தை வெட்டிவிடுகிறது. ஆனால் கார்டில் தரவு 512 பைற்றுக் கட்டங்களாக இருக்கும். பெரிய படம் எப்போதும் ஒரு கட்டத்தின் முதல் பைற்றில் தொடங்கும். குட்டிப்படம் இடையில் எங்கோ கிடக்கும். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும்படி நிரலை மாற்றி மீண்டும் ஓடவிட்டாள்.

அல்பம் வாங்க வந்த ஆழ்வாப்பிள்ளை உள்ளே நுழைந்தபோது திரை நிறையப் பிள்ளைகள் நின்றார்கள்.

“எல்லாரும் நிக்கினம்,” என்று குனிந்து பார்த்தார். “நான் மட்டும் நித்திரை!”

“நீங்கள் கண் திறந்த படமும் இருக்கு ஐயா.”

அதையும் பார்த்தார். “இதிலை சின்னவன் குனிஞ்சு செருப்பைத் தேடுறான். முந்தினதைப் பெருசா அடிச்சுத் தா பிள்ளை. என்ரை முகத்தை நான் கண்ணாடியிலை பாப்பன்தானே.”

அவர் போனதும் செந்தூரன் மெல்லக் கேட்டான்: “கார்டை இனி ஃபோமற் செய்யட்டோ அக்கா?”

“ஐயா வீட்டுச் சுவரிலை படத்தைக் கொழுவினாப் பிறகு.”