உள்ளூர்ப் பாக்கெட்

ஜன்னலோரம் வெயில் படும்படி சாய்த்து வைத்திருந்த ஒரு கண்ணாடித் தட்டு. வெள்ளைப் பூச்சு பூசிய, உள்ளங்கையளவு தட்டு. அதன் அடியில் மிளகாய்ப் பொடியின் சாற்றை ஒரு சொட்டு வைத்து, மூடிய ஜாடிக்குள் நிறுத்தினால், கீழே ஊற்றிய திரவம் மெல்ல மேலேறும். ஏறும்போதே சாற்றிலுள்ள நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு போகும். மிளகாயின் சொந்த மஞ்சளும் சிவப்பும் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். அந்தத் தட்டில் ஒரு புள்ளி மட்டும் வெளுக்கவில்லை. மெழுகுக்கும் பாலிஷுக்கும் போடுகிற சாயம் அது; உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது. “பாத்தியா? மிளகா செத்துப்போச்சு. இது சாகாது” என்றார் கெமிஸ்ட் மேடம்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், விருதுநகரில் ஒரு மசாலா கம்பெனியின் வத்தல் குடோனுக்குப் பின்னால் எங்கள் லேப் இருந்தது. வேதியியல் பட்டம் முடித்த கையோடு நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். லேப் என்றால் அந்த ஓர் அறையும் நாங்கள் இரண்டு பேரும்தான். வத்தலுக்குக் காம்பு கிள்ளும் பெண்களிலிருந்து முதலாளி அண்ணாச்சி வரை எல்லோருக்கும் அவர் ‘கெமிஸ்ட் மேடம்’. திருத்தங்கல்காரர், அம்மா நர்சாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் பஸ்ஸில் வந்து போவார். சுலபமாகப் பழகக்கூடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சிரிப்பதற்குக் கூடக் காரணம் கேட்கிற முகம். வெளிச்செருப்போடு நான் லேபுக்குள் வந்த அன்று, என்னை நிற்க வைத்தே தரையை முழுக்கத் துடைத்தார். அவர் ஊர் டீக்கடையில், பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸிலிருந்து வரும் வீணான தாளில்தான் வடையைச் சுருட்டித் தருவார்கள். எண்ணெயில் மை ஊறி வடையில் ஒட்டுவதைக் காட்டி அவர் போட்ட சண்டையில், கடைக்காரர் அவருக்கு வடை தருவதையே நிறுத்திவிட்டார். ஊரில் அவருக்குக் கிறுக்கு என்று பேச்சு இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

அந்தச் சீசனில் வெளிநாட்டுக்குப் போன ஒரு லோடு திரும்பி வந்தது. அங்கே இறக்குமுன் சோதித்ததில் சாயம் இருப்பது தெரிந்துவிட்டது. அண்ணாச்சி லேபுக்கே வந்து கத்தினார். மேடம், நாங்கள் முன்பு பார்த்துச் சரியென்று சொன்ன மாதிரிப் பொடியையும், திரும்பி வந்த மூட்டையிலிருந்து எடுத்த பொடியையும் அடுத்தடுத்துத் தட்டில் ஏற்றிக் காட்டினார். இரண்டும் ஒரே சரக்கு இல்லை. சோதிக்க எங்களுக்குத் தந்தது நல்ல வத்தலின் பொடி. கப்பலில் போனது, பழசாகி வெளுத்த வத்தலை அரைத்து, சாயம் கலந்த எண்ணெய் விட்டுச் சிவப்பாக்கிய பொடி. அண்ணாச்சி தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “போனது போகட்டும். அம்புட்டையும் எரிச்சிருவோம்மா” என்றார். மேடம் அதை நம்பினார். மூட்டைகள் பின் குடோனில் அடுக்கப்பட்டன. சில வாரங்களில் குடோன் காலியானதும் எரித்துவிட்டார்கள் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம்.

மேடத்தின் அக்கா எம். புதுப்பட்டி கிராமத்தில் டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து அங்கே சாப்பிடப் போன மேடம், குழம்புத் தட்டைக் கழுவும்போது கையை நிறுத்தியிருக்கிறார். எவர்சில்வரின் ஓரத்தில் ஒட்டிய எண்ணெய் தேய்த்த பிறகும் சிவப்பாகவே நின்றிருக்கிறது. தெருமுனைப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய சில்லறைப் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து வாங்கி, மறுநாள் காலை என் மேசையில் வைத்தார். எங்கள் கம்பெனி பாக்கெட். அதைச் சோதித்த தட்டுதான் நான் முதலில் சொன்ன அந்த ஜன்னலோரத் தட்டு. பிறகு நான் வெம்பக்கோட்டைப் பக்கம் போய்ச் சில கடைகளில் வாங்கி வந்தேன். அவற்றிலும் அதே புள்ளி. வெளிநாட்டுக்காரன் இறக்கவே விடாத, எரித்துவிட்டதாக நாங்கள் நினைத்த பொடி, பட்டாசு கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்களின் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேடம் தட்டுகளை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் அறைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். அண்ணாச்சி கோபப்படவில்லை. அதுதான் இன்று வரை எனக்கு ஆறவில்லை. காபி வரவழைத்தார். பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார்.

“ஏம்மா, வெளிநாட்டுக்காரவுக வகுறு வேற, நம்ம ஊரு வகுறு வேற. வத்தப்பொடி செகப்பா இல்லேன்னா நம்ம ஆளு கையில எடுப்பானா? அவனுக்குப் பிடிச்சதைத்தான குடுக்கேன்.”

“அண்ணாச்சி, இது வெசம்.”

“தின்னவுக யாரும் செத்தாகளா?”

“இன்னைக்குச் சாக மாட்டாக. அதனாலதான் நீங்க இம்புட்டுத் தைரியமா இருக்கீக.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எக்ஸ்போர்ட்டை மட்டும் பாருங்க. உங்க வேலை அதுதான். உள்ளூரு என் வேலை” என்றார். காபி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை.

மேடம் உணவுக் கலப்படம் பார்க்கும் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார். ஒரு அதிகாரி வரவும் செய்தார். அவர் வருவது எங்களுக்குத் தெரியாது, அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது. அன்று காலை அரவை மிஷின் பக்கத்தில் புது வத்தல் பொடி தயாராக நின்றது. அந்த மூட்டைகள் முன்பு கிடந்த, பொடி சிந்திய பின் குடோனை மேடம் கை நீட்டிக் காட்டியும் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. அதிகாரி சோதிக்க எடுத்துப் போன பொடி சுத்தமானது என்றுதான் முடிவு வந்தது. அந்தப் பொடி உண்மையிலேயே சுத்தமானதுதான். அதற்குள் கம்பெனி மேல் யாரோ புகார் கொடுத்ததால் அரவை நிற்கப்போகிறது என்று அண்ணாச்சியின் ஆட்கள் பேச்சைப் பரப்பிவிட்டிருந்தார்கள். எப்போதும் மேடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் காம்பு கிள்ளும் பெண்கள், முடிவு வந்த அன்று சாயங்காலம் கேட்டருகே அவரை மறித்துக்கொண்டார்கள். “உங்களுக்குப் படிப்பு இருக்கு, எங்கன போனாலும் பொழைச்சுக்கிருவீக. நாங்க எங்கன போக?” என்று ஒரு பெண் கேட்டாள். அவர்கள் விலகியதும் மேடம் பஸ்ஸுக்கு நடந்தார். மறுநாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த லேபில் நான் மட்டும் உட்கார்ந்து எதற்குச் சரி போட்டுக் கொடுப்பது? நானும் நின்றுவிட்டேன்.

அத்தோடு அவர் ஓயவில்லை. எம். புதுப்பட்டியில், அக்காவின் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் பெண்களைக் கூட்டினார். பட்டாசு கம்பெனியிலிருந்து வேன் வந்து இறக்கிவிட்ட கையோடு வந்திருந்தார்கள். விரல் நகங்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்கம் போகவில்லை. மேடம் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கே உரிய விறைப்போடு, இது மிளகாயின் நிறம், இது சாயம், இது வயிற்றுக்குள் போனால் என்னவாகும் என்று சொல்லி முடித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“டீச்சரு, பகலெல்லாம் வெடி மருந்துல கெடக்கோம். கழுவுனாலும் போகாது. இந்தக் கையாலதான் சோறு அள்ளித் திங்கோம், பிள்ளைக்கும் ஊட்டுதோம். அதையெல்லாம் ஒருத்தரும் வந்து சோதிக்கலியே. உங்க செகப்பு எங்களைப் புதுசா என்ன செஞ்சிரும்?”

சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. “அதுவும் தப்புதான். இதுவும் தப்புதான்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் தலையாட்டினாள். “தப்புன்னு எங்களுக்கும் தெரியும். யாருகிட்டச் சொல்ல?” என்றாள். அவர்களுக்குச் சமையல் வேலை கிடந்தது, எழுந்து போனார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் மேடம் தட்டுகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். திருத்தங்கலில் இறங்கும்போது, “அவ கேட்டதுக்கு நான் படிச்ச எதுலயும் பதில் இல்ல” என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு அவரை எந்த உணவுக் கம்பெனியும் எடுக்கவில்லை. தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றார். நான் வேறு ஊரில், பால் பண்ணை ஒன்றின் லேபில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன்.

சென்ற வருடம் அந்தப் பழைய கம்பெனி புது லேப் திறந்தது. அண்ணாச்சி இப்போது இல்லை, மகன்தான் பார்க்கிறார். ‘எங்கள் முதல் கெமிஸ்ட்’ என்று மேடையில் உட்கார வைக்க மேடத்தை அழைத்திருந்தார்கள். அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட கதர்ச் சேலையில் கிளம்பி, என்னையும் வரச் சொன்னார். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அண்ணாச்சியின் மகன் பேசும்போது, தரம்தான் எங்கள் குடும்பச் சொத்து, மேடம் போட்ட அஸ்திவாரம் இது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு லேபைச் சுற்றிக் காட்டினார்கள். கண்ணாடிச் சுவர், குளிரூட்டிய அறை, தலையில் வலை போட்ட பெண்கள். எந்தச் சாயத்தையும் கண்டுபிடித்துவிடும் மிஷின் என்று அங்கே பொறுப்பிலிருந்த இளம்பெண் பெருமையோடு விளக்கினாள். நல்ல பெண், வேலை தெரிந்தவள். மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உள்ளூர்ப் பாக்கெட்டையும் இதுலதான் பாக்கீகளா?” என்றார்.

“இல்ல மேடம், இது எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும். வெளிநாட்டுப் பார்ட்டி ஒவ்வொரு லோடுக்கும் ரிப்போர்ட் கேப்பாங்க. உள்ளூர்ல யாரும் கேக்குறதில்லையே.”

மேடம் அவள் முகத்தையே பார்த்தார். கோபமில்லை, களைப்பு மட்டும்.

“கேட்டோம்மா” என்றார். “நாங்க கேட்டோம்.”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. மரியாதையாகச் சிரித்துவிட்டு, அடுத்த மிஷினைக் காட்டத் திரும்பினாள்.