பெரியப்பா சொன்னது, அப்பா எழுதியது

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அப்பாவின் கோர்ட் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பா மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நினைவு மலரில் கோபம் எதற்கு என்று கேட்கிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

அப்பா மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தார். பத்து வயது மூத்தவரான பெரியப்பாதான் ஏர் பிடித்து அவரைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். இதை நான் மறைக்கவில்லை. பெரியப்பா இல்லாவிட்டால் அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருக்க மாட்டார், திருநெல்வேலியில் டைப்ரைட்டிங்கும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் படித்திருக்கவும் மாட்டார். அந்த நன்றியை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. மறந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

சங்கரன்கோவில் முன்சீப் கோர்ட்டில் அப்பா பத்தொன்பது வருஷம் சுருக்கெழுத்தராக இருந்தார். சாட்சி கூண்டில் ஏறிச் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, டைப் அடித்து, சாட்சிக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பென்சில்களை இரண்டு முனையும் சீவி வைத்திருப்பார், ஒன்று ஒடிந்தால் திருப்பிக்கொள்ள. சாட்சி வேகமாகப் பேசினால் இடது கையை லேசாகத் தூக்குவார்; முன்சீப்பே சாட்சியை நிறுத்தச் சொல்வார். கூண்டில் நிற்பவர் வசவு வார்த்தை சொன்னால் காகிதத்திலும் அதே வசவுதான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை படித்துக் காட்டுவார். அதில் பல நாள் அவருடைய சாப்பாட்டு நேரமே போய்விடும். அப்பா லீவு என்று தெரிந்தால் முக்கியமான குறுக்கு விசாரணைக்கு வக்கீல்கள் வாய்தா கேட்டுவிடுவார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அந்தக் கேஸ் வந்தது. பெரியப்பாவின் தோட்டத்துக் கிணற்றில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் இறைக்கும் முறை தன் குடும்பத்துக்கு உண்டு என்று பக்கத்துப் புஞ்சைக்கார அம்மாள் ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். கணவரை இழந்தவர். அப்படி ஒரு முறை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார் பெரியப்பா. எதிர்த்தரப்புக்காரர் தன் கூடப்பிறந்த அண்ணன் என்று அப்பா முன்சீப்பிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தக் கோர்ட்டில் வேறு சுருக்கெழுத்தர் கிடையாது. இரண்டு வக்கீல்களும் ஆட்சேபணை இல்லை என்றார்கள்.

குறுக்கு விசாரணையில் அந்த அம்மாளின் வக்கீல் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். பெரியப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“அவ புருசன் இருந்த வரைக்கும் முறை விட்டேன். அவன் செத்த பொறவு பொம்பளைக்கு எதுக்கு முறை?” என்றார்.

அப்பா அதையும் எடுத்துக்கொண்டார். மத்தியானம் டைப் அடிக்கும் மேஜைக்குப் பெரியப்பா வந்தார். நடந்ததைக் கூட நின்று கேட்டு எனக்குச் சொன்னவர், கோர்ட்டில் பேர் கூப்பிடும் டவாலி அண்ணாச்சி.

“ஏலே, கோவத்துல வந்த பேச்சு அது. அந்த ஒரு வரிய மட்டும் விட்டுரு.”

“நீங்க சொன்னதத்தான் எடுத்திருக்கேன் அண்ணே. சொல்லலைன்னா முன்சீப் ஐயாகிட்ட சொல்லுங்க. அவுக திருத்தச் சொன்னா திருத்துதேன்.”

பெரியப்பா முன்சீப்பிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பா படித்துக் காட்டினார். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். தீர்ப்பு அந்த அம்மாள் பக்கம் ஆனது. சொன்னது பெரியப்பாவின் வாய், கோபம் மட்டும் அப்பாவின் கைமேல் வந்தது.

அன்றிலிருந்து பெரியப்பா, நான் சொல்லாததை என் தம்பியே எழுதிக் கவிழ்த்துவிட்டான் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். நம் சொந்தத்தில் ஒருவர்கூட அப்பாவிடம் வந்து உண்மையா என்று கேட்கவில்லை. அப்பா பொய் எழுதினார் என்று ஒரு மொட்டை மனுவும் மேலிடத்துக்குப் போயிற்று. திருநெல்வேலியிலிருந்து வேறொரு சுருக்கெழுத்தர் வந்து அப்பாவின் நோட்டை வாசித்தார். வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருந்தது. அப்பாமேல் குற்றமில்லை என்று எழுதிய காகிதம் ஆபீஸ் கட்டுக்குள் போய்விட்டது. பொய் மட்டும் ஊருக்குள் நடமாடியது.

என் கல்யாணத்துக்கு அப்பா வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பத்திரிகை வைத்தார். அப்பா வழியில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்காகப் போட்ட இலைகளை அப்பாவே எடுத்ததை மணமேடையிலிருந்து பார்த்தேன். இன்று இந்த நினைவுநாள் பந்தியில் உட்காருகிறவர்களுக்கு அது ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியில் அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். “அண்ணன் வந்தாகளா?” என்று தினமும் கேட்டார். பெரியப்பா வந்தது உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு. கோர்ட்டில் பொய் எழுதினாலும் என் தம்பி நல்லவன்தான் என்று வாசலில் நாலு பேரிடம் சொன்னார். தலைமாட்டில் இருந்த என் காதில் அது விழுந்தது. நடந்ததை எழுதிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியப்பா வீட்டுக்குப் போய் இதுவரை எழுதியதை நிதானமாகப் படித்துக் காட்டினேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன் என்றேன்.

“சொன்னேன்தான். அத இப்ப எதுக்கு அச்சுல போடுத? நான் சாகப்போற வயசு மக்கா.”

“சொன்னேன்னு இப்ப சொன்னதையும் சேத்துப் போடுதேன் பெரியப்பா.”

போதும், விட்டுவிடு என்று அம்மா கேட்டுக்கொண்டார்கள். அம்மா சொல்லி நான் தட்டிய முதல் பேச்சு இது.

ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், நோட்டை வாசித்து உள்ளதைச் சொன்ன திருநெல்வேலி சுருக்கெழுத்தருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த டவாலி அண்ணாச்சிக்கும், சொந்தங்கள் வருமுன்பே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்த புஞ்சைக்கார அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு மலரின் முதல் பிரதியைக் குடும்பத்தில் மூத்தவர் வாங்கிக்கொள்வது நம் வழக்கம். அந்த வழக்கத்தை நான் மாற்றவில்லை. அழைப்பிதழிலும் பெரியப்பாவைத்தான் போட்டிருக்கிறேன். எல்லார் முன்னாலும் எழுந்து வந்து அவரே வாங்கிக்கொள்ளட்டும். வராமல் இருந்துவிட்டால், ஏன் வரவில்லை என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.