வெர்லீன் வாங்கிக்கொடுத்த கறுப்பு ஷூ

டென்லி கல்லூரியின் ஃபுட்பால் ஆபீசில் வெர்லீன் ஸ்டோக்லி பத்தொன்பது வருஷம் டைப் அடித்தாள். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஐந்து கோச்சுகளைப் பார்த்துவிட்டாள். தோற்றால் கோச்சைத் துரத்துவார்கள். ஜெயித்தால் பெரிய கல்லூரி எதுவாவது கொத்திக்கொண்டு போகும். டைப்பிஸ்டைத் துரத்தவும் ஆளில்லை, கொத்தவும் ஆளில்லை. அவள் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, பையன்களின் மார்க் ஷீட்டைச் சரிபார்த்து, பஸ்ஸுக்குச் சொல்லி, கோச் எழுதும் கடிதங்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாக் கோச்சுக்கும் பிழை வந்தது. ஒருவருக்காவது 'அன்புள்ள' என்று ஒழுங்காக எழுத வரவேண்டுமே!

மிசிசிப்பியில் அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மேட்ச், சனிக்கிழமை கல்லூரி மேட்ச், ஞாயிற்றுக்கிழமை சர்ச். இந்த மூன்றையும் விட்டால் பருத்திக் காடும் கெளுத்தி மீன் குட்டையும்தான். நன்றாக ஆடுகிற பையன் ஒருவன் ஒரு வீட்டில் பிறந்துவிட்டால் அந்த வீட்டு வாசலில் கல்லூரிக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். கட்டலாம், ஆனால் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு தொப்பிகூடக் கூடாது. கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் அதற்கென்று ஒரு விதிப் புத்தகம் போட்டிருந்தது. சாப்பாட்டு மேஜை எட்டாத குழந்தையை அதன் மேல் உட்கார வைத்தால் தட்டு எட்டும், அவ்வளவு தடிமன். மற்றவர்கள் அதைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைத்தார்கள். வெர்லீன் ஒருத்திதான் அதை முழுசாகப் படித்தவள்.

ஆகவே தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது.

எர்னஸ்டீன் காண்டி பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்லீனும் அவளும் ஒரே சர்ச்சில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைப்பார்கள். எர்னஸ்டீனின் ஒரே மகன் லவோரிஸ். பதினெட்டு வயசு, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, பேச்சு மட்டும் பூனைக்குட்டி மாதிரி. அவனை டென்லியும் கேட்டது, வெஸ்ட்மோர் பல்கலைக்கழகமும் கேட்டது. வெஸ்ட்மோர் என்றால் எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம், டிவியில் மேட்ச், கவர்னரே வந்து கைதட்டுவார். டென்லியில் மழை பெய்தால் ஸ்கோர் போர்டு அணைந்துவிடும்.

வெஸ்ட்மோருக்கு வேண்டிய கார் வியாபாரி புல்லார்ட் ஒருநாள் சிவப்புக் கார் ஒன்றை எர்னஸ்டீன் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, சாவியை சீட்டிலேயே போட்டுவிட்டுப் போனான். எர்னஸ்டீன் அவன் கடைக்குப் போன் போட்டாள்.

"அய்யா, உங்க கார என் வீட்டுல மறந்து விட்டுட்டுப் போயிட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா என் கோழி அதுக்குள்ள முட்டை வெச்சிடும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் இதை வெர்லீனிடம் சொல்லிவிட்டு, கையுறையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "பையன் டென்லிக்குத்தான் வர்றான். அங்க ஆடுனா நான் சர்ச் பஸ்ஸுல வந்து பாத்துக்குவேன். வெஸ்ட்மோருக்குப் போனா டிவியிலதானே பாக்கணும்? என் டிவியில பாதி ஆளு பச்சையாத் தெரியுறான்."

அந்த ஜனவரியிலேயே, பள்ளிக்கூட அடுப்படியில் நின்றபடியே எர்னஸ்டீன் விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

பிப்ரவரி முதல் புதன்கிழமை பையன்கள் எந்தக் கல்லூரி என்று கையெழுத்துப் போடுகிற நாள். அதற்கு முன்னால் சில வாரம் கல்லூரிக்காரர்கள் யாரும் பையன்களைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. எர்னஸ்டீன் செத்தது சரியாக அந்த வாரங்களில். டைப்பிஸ்டும் கல்லூரிக்காரிதான். எந்தப் பக்கத்தில் எந்த வரியில் அது இருக்கிறது என்றுகூட வெர்லீனுக்குத் தெரியும்.

ஆனால் சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகாதவள் என்ன மனுஷி? வெர்லீன் மாக்ரோனியும் சீஸும் போட்டு அடுப்பில் வேகவைத்து, கண்ணாடிப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஊரில் பாத்திரத்துக்கு அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதாமல் யாரும் சாவு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். எழுதாவிட்டால் பாத்திரம் திரும்பாது. வெர்லீன் பாத்திரத்தில் டேப் ஏற்கெனவே இருந்தது. ஆபீஸ் விருந்துகளில் உதவிக் கோச்சுகள் சுருட்டிக்கொண்டு போகாமலிருக்க அவளே எழுதி ஒட்டியது: 'வெர்லீன், ஃபுட்பால் ஆபீஸ்.' அதைப் பிய்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

லவோரிஸ் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் அடக்கம். அண்டை வீட்டுக்காரர் கொடுத்த கறுப்புக் கோட்டு இருந்தது. காலில் விளையாட்டு ஷூ, அதிலும் ஒன்றில் ஓட்டை.

"கண்ணு, நாளைக்கு என்ன போட்டுக்கப் போற?"

"இதான்ம்மா. பதினாலாம் நம்பரு காலு. ஊருல யாருகிட்டயும் இல்ல."

வெர்லீன் காரை எடுத்துக்கொண்டு நாற்பது மைல் போய், கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தாள். மறுநாள் அவன் அந்த ஷூவில் அம்மாவின் பெட்டிக்குப் பின்னால் நடந்தான். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அதே வீட்டுக்கு அடக்கத்தன்று வெஸ்ட்மோர் ஆள் ஒருவனும் மலர்வளையத்தோடு வந்திருந்தான். அவனும்தான் வரக் கூடாது. வெர்லீன் செய்த மாக்ரோனியை இரண்டு தரம் வாங்கித் தின்றான். மூன்றாம் தரம் கேட்டபோது சர்ச் பெண் ஒருத்தி பாத்திரத்தைச் சாய்த்து வழித்தாள். அடியில் இருந்த டேப்பை அவன் படித்துவிட்டான்.

பிப்ரவரியில் லவோரிஸ் டென்லிக்குக் கையெழுத்துப் போட்டான். செப்டம்பரில் ஆட ஆரம்பித்தான். நான்கு மேட்ச், நான்கும் ஜெயம். மைதானத்தில் மோதி விழுந்த எதிரணிப் பையனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "அடி பட்டுச்சா?" என்று கேட்பான். "அட, நீ அவனுக்கு அம்மாவா? தள்ளி நில்லுடா!" என்று கோச் மேடக்ஸ் கத்துவார். சர்ச் பஸ்ஸில் ஒரு சீட்டை யாரும் உட்காராமல் காலியாக விட்டு வந்தார்கள்.

டென்லி டைப்பிஸ்ட் சாவு வீட்டுக்குப் போனதையும் பையன் காலில் இருந்த புது ஷூவையும் வெஸ்ட்மோர் புகாராக எழுதிப் போட்டது. அக்டோபரில் சங்கத்திலிருந்து விசாரணைக்கு ஃபின்ச் என்று ஒருவன் வந்தான். சின்ன வயசு, நல்ல டை, ரொம்ப மரியாதை. வெர்லீன் கொடுத்த இனிப்பு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டான். விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினான். செவ்வாய்க்கிழமை லவோரிஸைக் கேட்டான். புதன்கிழமை வெர்லீன் முறை.

செவ்வாய் மாலை மேடக்ஸ் அவள் மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெர்லீன், அந்த ஷூ சர்ச் குடுத்துச்சு. சரியா?"

"நான்தான் குடுத்தேன், கோச். ரசீதுகூட இருக்கு."

"ரசீத அடுப்புல போடு."

"புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு நான் படிச்சிருக்கேன். ஒத்துக்கிட்டு, ஷூவோட விலைய தர்மத்துக்குக் குடுத்துட்டா, பையன ரெண்டு மேட்ச் வெளிய உக்கார வைப்பாங்க. அவ்வளவுதான். நான் தப்பு பண்ணேன்னு நானே சொல்றேன்."

மேடக்ஸ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நீ உண்மை பேசுறது பெரிசில்லம்மா. பையன் காலையிலயே சொல்லிட்டான், சர்ச் குடுத்ததுன்னு. நான்தான் சொல்லச் சொன்னேன். நாளைக்கு நீ வேற சொன்னா அவன் பொய்யனாயிடுவான். ரெண்டு மேட்ச் இல்ல, அவன் கதையே முடிஞ்சுது."

அன்று ராத்திரி வெர்லீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லவோரிஸ் தங்கியிருந்த ஹாஸ்டல் அவள் வீட்டிலிருந்து மூன்று தெரு. நடந்துபோய், "நீ என்னடா சொன்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். கோட்டைக்கூட மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தாள். பிறகு கழற்றி மாட்டிவிட்டாள். அத்தனை விதியிலும் அந்த ஒரு விதியைத்தான் அவள் அப்படியே காப்பாற்றினாள்.

புதன்கிழமை ஃபின்ச் கேட்டான்: "ஷூ யாரும்மா வாங்கிக் குடுத்தது?"

"சர்ச்" என்றாள் வெர்லீன்.

அவன் எழுதிக்கொண்டான். தலை நிமிரவில்லை. அவள் பேச்சை மாற்றினாள்.

"வெஸ்ட்மோர்க்காரங்க ஒரு கார் விட்டுட்டுப் போனாங்க. அத எழுதிக்கலையா?"

"கார் பேப்பர் ஏதாவது இருக்கா?"

"காரையே திருப்பிக் குடுத்தாச்சே. பேப்பர் எப்படி இருக்கும்? அவங்க ஆளு ஒருத்தன் சாவு வீட்டுல என் மாக்ரோனிய ரெண்டு தட்டு தின்னுட்டுப் போனான். அது?"

"அதுக்கு சாட்சி?"

"என் பாத்திரம் காலியாயிருந்துச்சு" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பக்கம். ஆபீசில் அதை முதலில் படித்தவளும் அவள்தான். கடிதம் பிரிப்பது அவள் வேலையாயிற்றே. மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'ஷூவை திருமதி ஸ்டோக்லி வாங்கிக் கொடுத்ததாக மாணவர் முதல் கேள்வியிலேயே ஒப்புக்கொண்டார். கல்லூரி ஊழியர் அதை மறுத்துப் பொய்ச் சாட்சி சொன்னார். ஆகவே இது கல்லூரி திட்டமிட்டு மறைத்த குற்றமாகிறது.'

பையன் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. மேடக்ஸ் அவனிடம் பொய் சொல்லச் சொன்னது உண்மை. அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டதும் உண்மை. அதை மட்டும் மேடக்ஸ் அவளிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

லவோரிஸ் இனி ஒருநாளும் டென்லிக்காக ஆட முடியாது. உதவித்தொகை போயிற்று. டென்லிக்கு இரண்டு வருஷத் தடை. வெர்லீனை அந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பினார்கள். வெஸ்ட்மோருக்கும் ஒரு கடிதம் போனது. இனிமேல் கவனமாக இருங்கள் என்று ஒரே ஒரு பாரா. மேடக்ஸ் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் நம்பினார்கள். ஜனவரியில் அவர் உதவிக் கோச்சாகப் போய்ச் சேர்ந்த இடம் வெஸ்ட்மோர். போகும்போது ஒரு கேக்கை வெர்லீன் வீட்டுக்கு அனுப்பினார். அவள் அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டாள்.

வெஸ்ட்மோர் லவோரிஸையும் மறுபடி கேட்டது. ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஆடலாம், மற்றதையெல்லாம் புல்லார்ட் பார்த்துக்கொள்வான் என்றார்கள். அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு மீன் ஃபாக்டரியில் சேர்ந்தான். கெளுத்தி மீனின் தலையை வெட்டுகிற வரிசையில் நிற்கிற வேலை.

வெர்லீன் மூன்று தடவை ஃபாக்டரி கேட் வரை போய்த் திரும்பியிருக்கிறாள். நான்காம் தடவை, மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், மதிய ஷிஃப்டுக்கு ஆட்கள் உள்ளே போகிற நேரத்தில் அவன் அவளைப் பார்த்துவிட்டான். ரப்பர் பூட்ஸும் வெள்ளைத் தொப்பியுமாக வந்து காரின் ஜன்னலில் குனிந்தான்.

"மிஸ் வெர்லீன். நல்லாருக்கீங்களா?"

"எனக்கென்ன. இளைச்சுட்டியே கண்ணு. யாரு சமைச்சுத் தர்றா?"

"நானேதான். முட்டை, ரொட்டி, திரும்பவும் முட்டை." கொஞ்சம் சிரித்தான். "அம்மா இருந்தா அடிச்சிருக்கும்."

வெர்லீன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "லவோரிஸ், நீ பொய் சொல்லிட்டன்னு கோச் சொன்னாரு. உன்னக் காப்பாத்தணும்னுதான் நானும்..."

"தெரியும்மா. தீர்ப்பு வந்தப்பவே புரிஞ்சுது." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்கப்பா."

 அவன் கோபமே இல்லாமல், கணக்குப் புரியாத பிள்ளை டீச்சரிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எங்கம்மா செத்தப்பவும் பேசக் கூடாதுன்னுதானே இருந்துச்சு. அப்ப வந்தீங்களே?"

 

சங்கு ஊதியது. லவோரிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, "ஷிஃப்டுக்கு நேரமாச்சும்மா, வரட்டா?" என்று, அம்மா பழக்கிய மரியாதையோடு, அவள் தலையசைக்கும்வரை காத்திருந்தான். அவள் தலையசைத்தாள். அவன் போனான்.

வாசல்காரன் வந்து கார் கூரையைத் தட்டினான். "இங்க நிறுத்தக் கூடாதும்மா. யாரையாவது கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்ல" என்றாள் வெர்லீன்.  "ஒரு நிமிஷம் குடுப்பா, போயிடுறேன்."