பின்னங்காலைத் தடவிய கதை

தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். பெயர் சௌந்தரநாயகி. கூட்டமென்றாலே ஆகாது. பூதலூரில் ரயிலேறியதும், பக்கத்தில் யாரும் உட்காராதபடி பையைப் பரப்பி வைக்கும் ஜென்மம்.

அப்படிப்பட்டவளை ஒரு பத்திரிகைக் கட்டுரை கிறுக்காக்கியது. பாலைவன வெட்டுக்கிளி தனியாகத் திரிகிற பிராணியாம். இன்னொன்றைக் கண்டால் விலகிப் போகுமாம். இரை குறைந்து எல்லாம் ஓரிடத்தில் நெருக்கியடிக்கும்போது, மற்றவை அதன் பின்னங்காலில் உரசிக்கொண்டேயிருந்தால், நரம்பு வழியே சேதி போய், மார்பு நரம்பு முடிச்சுகளில் செரட்டோனின் என்ற ரசாயனம் ஊறுமாம். சில மணி நேரத்தில் அதே பூச்சி கூட்டத்தைத் தேடி ஓடுமாம்.

உடனே வயலில் சில வெட்டுக்கிளிகளைப் பிடித்து வந்து கண்ணாடித் தொட்டியில் விட்டேன். மெல்லிய தூரிகையால் பின்னங்கால்களைத் தடவினேன், தடவினேன், தடவிக்கொண்டேயிருந்தேன். தூரிகைதான் தேய்ந்தது. பேராசிரியை லத்தீஃபா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நாயகிம்மா, இது நம்ம நெல்லு வயல் வெட்டுக்கிளி. காலு உதிர்ற வரைக்கும் தடவினாலும் படை சேராது. அது வேற இனம்."

விலங்கியலில் பட்டம் வாங்கியவள் நான்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்தது. என் கணவர் ராசு குத்தகைக்கு எடுத்த வயலில், கதிர் விட்ட பயிருக்கு நடுவே அளவுக்கல் நட்டது. ஊரே சாலையில் உட்கார்ந்தது. மதியமாகியும் அவர் சாப்பிட வராததால் இழுத்துவரப் போனேன். கூட்டத்துக்குள் நுழைந்தேன். முன்னால் பக்கத்து வீட்டு வேம்பு, பின்னால் நாற்று நடுகிற காத்தாயி, திரும்பிய பக்கமெல்லாம் என் காலில் இடிக்கும் முழங்கால். "மண்ணை விடமாட்டோம்" என்றார்கள். கூச்சத்தோடு முணுமுணுத்தேன். அந்தக் கல் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் முதலில் கத்த, ஊர் பின்னால் கத்தியது. என் குரல் அவ்வளவு அபஸ்வரம் என்று அன்றுதான் தெரிந்தது.

போலீஸ்காரர்கள் எங்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். செரட்டோனினோ என்று யோசித்தேன். பூச்சியின் உடம்பு வேறு, என் உடம்பு வேறு. எனக்கு வந்தது வெறும் கோபம்தான்.

சாயங்காலம் ராசு வந்தார். மனிதர் வேறு வழியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்.

"என்னைக் கூப்பிடத்தானே போனே? வா, கேட்டா உன்னை மட்டும் விட்டுருவாங்க."

"நீங்க போங்க. எல்லாரையும் விட்டப்புறம் வர்றேன்."

காத்தாயி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லை.

சில மாதங்களில் கம்பெனி கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனது. வெற்றிக் கூட்டத்தில் என்னை மேடையேற்றினார்கள். மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றேன். அதோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அதற்கும் கைதட்டினார்கள்.