பதினேழு அங்குலச் சில்லில் தடூசாக் வரை

மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, லாசாலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் இருந்து தடூசாக்குக்குப் புறப்பட்டோம். மொன்றியலில் இருந்து வடகிழக்கே ஏறத்தாழ நானூற்று எழுபது கிலோமீட்டர். சென் லோறன்ஸ் ஆற்றில் கடலின் உப்பு ஏறத் தொடங்குகிற பக்கம். திமிங்கிலங்கள் வருகிற ஊர்.

போகவேண்டும் என்று கேட்டவர் என் கணவர் ஜெயசீலன். துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டியவர். கப்பல்கள் ஆற்றோடு இறங்கிப் போவதை வருடக்கணக்காகப் பார்த்தவர், அவை போகிற வழியை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. போன மார்கழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டு உடைந்தது. இரண்டு எலும்புகளைத் திருகாணி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். நீண்ட பயணம் போகலாம், மணிக்கொருதரம் இறங்கி நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வர இவர் மறுத்துக்கொண்டிருந்தார். தடூசாக் என்று அவராகவே வாய் திறந்தபோது, மனம் மாறுவதற்குள் நான் அறையைப் பதிவு செய்துவிட்டேன்.

எங்கள் கார் தாழ்வானது. குனிந்து ஏற அவரால் முடியாது. அதனால் அவருடைய தம்பி அமலன் தன் உயரமான வாகனத்தை முதல்நாளே கொண்டுவந்து விட்டிருந்தான். நாலு சக்கரத்துக்கும் புதிதாகப் போட்ட கறுப்பு றிம்மும் மெல்லிய ரயருமாக அது பளபளவென்று நின்றது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். அந்த ரயரைப் பார்த்ததும் யோசித்திருக்கவேண்டும். புறப்படுகிற அவசரத்தில் யோசிக்கவில்லை. இருவரும் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பனி உருகிய பிறகு மொன்றியல் தெருக்கள் எப்படியிருக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு பள்ளத்தைத் தவிர்த்தால் மூன்றாவது காத்திருக்கும். முதல் பள்ளத்தில் சில்லு விழுந்தபோது கல்லில் சுத்தியலால் அடித்ததுபோல் சத்தம் வந்தது. இவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒவ்வொரு பொருத்தும் இருக்கை வழியாக ஏறியது. லாசாலைவிட்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் தாண்டியிருக்கமாட்டோம்.

"திருப்பு," என்றார். முகம் வெளிறியிருந்தது. "என்னாலை ஏலாது. வீட்டை போவம்."

அடுத்த வெளிவாயிலால் இறங்கி, ஒரு கோப்பிக் கடை முற்றத்தில் நிறுத்தினேன். அவர் கதவைப் பிடித்தபடி எழுந்து நின்றார். நான் குனிந்து ரயரின் பக்கத்தைப் பார்த்தேன். றிம்முக்கும் தரைக்கும் நடுவே என் உள்ளங்கை அகலத்துக்குச் சற்று அதிகமான றப்பர். அதில் பொறித்திருந்த அளவு 245/45, இருபது அங்குல றிம்; கோட்டுக்குப் பின்னால் வரும் எண் குறைந்தால் றப்பர் குட்டை. சாரதிக் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டு இந்த வாகனம் பிறந்த அளவைச் சொன்னது: 225/65, பதினேழு அங்குலம். காற்றும் அந்தச் சீட்டில் சொன்னதைவிட நிறைய அடித்திருந்தது.

"வீட்டை போகேல்லை. ரொக்ஸ்பரோவுக்குப் போறம்," என்றேன்.

"அங்கை என்னத்துக்கு?"

"உங்கடை தம்பியின்ரை கராஜிலை பழைய சில்லு நாலும் கிடக்கு."

காற்றை அளவுக்குக் குறைத்தேன். அதிர்வு கொஞ்சம் தணிந்தது, ஆனாலும் போதவில்லை. மெதுவாக ஓட்டி ரொக்ஸ்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அமலன் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தான்.

"என்ன அண்ணி, வாகனத்துக்கு ஏதும் நடந்ததோ?"

"வாகனம் நல்லாயிருக்கு. உன்ரை அண்ணைக்குத்தான் ஏலாமல் கிடக்கு. பழைய சில்லைப் போடுவம்."

அவன் முகம் சுருங்கியது. ஆசைப்பட்டு வாங்கிய றிம். "பழைய சில்லோடை பார்த்தா டாக்ஸி மாதிரி இருக்கும் அண்ணி," என்றான். பிறகு, வாகனத்தில் சாய்ந்து நின்ற தமையனைப் பார்த்தான். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்துவந்தான்.

பனி தள்ளும் இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்த சில்லுகளை நான் உருட்டி வந்தேன். இரண்டு அளவையும் பக்கத்தில் நிறுத்தினால் வெளிவட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வேகமானி பிழையாகக் காட்டாது. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. றிம் பெரிதானால் றப்பரின் சுவர் குட்டையாகிறது. குழியில் விழும்போது முதலில் நசுங்கிக் கொடுப்பது அந்தச் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும். அது குறைந்தால் மிச்ச அடி நேரே ஸ்பிரிங்குக்கும், அங்கிருந்து கீழ்முதுகு நாரிக்கும் போகும். கழற்றிய சில்லைத் தூக்கியபோது இன்னொன்றும் கைக்குத் தெரிந்தது. பாரமும் அதற்குத்தான் அதிகம். பாரமான சில்லு பள்ளத்துக்குள் விழுந்து எழும்பினால் அதை அடக்க ஸ்பிரிங் கூடுதலாகப் பாடுபடவேண்டும்.

"ஆனா வளைவிலை கொஞ்சம் சரியும் அண்ணி. அந்த இறுக்கம் இராது," என்றான் அமலன், நட்டுகளை எதிரெதிராக இறுக்கிக்கொண்டே.

"தெரியும். வளைவிலை மெதுவாப் போறன்."

"நூறு கிலோமீட்டர் ஓடினாப் பேந்து நட்டை ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ." ஸ்பானரையும் பின்னால் வைத்துவிட்டான்.

இவர் ஏற மறுத்தார். "இன்னொரு நாளைக்குப் பாப்பம்," என்றார். அவர் கண் நடைபாதையில் இருந்தது. ஏமாற்றம் அல்ல அது, பயம். நான் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தேன்.

"இஞ்சை பாருங்கோப்பா. தெரு முனை மட்டும் போவம். நொந்தால் அங்கையே இறங்குங்கோ."

தெரு முனையில் ஒரு நல்ல பள்ளம் இருந்தது. தவிர்த்திருக்கலாம். வேண்டுமென்றே மெதுவாக இறக்கினேன். 'தொப்' என்று ஒரு மந்தமான சத்தம். நான் அவரைப் பார்க்காமல் காத்திருந்தேன்.

"பள்ளம் எண்டு தெரிஞ்சுது," என்றார். சற்றுப் பொறுத்து, "நாரிக்கு வரேல்லை. போ."

நாற்பதாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனோம். துறுவா றிவியேரில் நிறுத்தி, அவர் நடக்கிற நேரத்தில் நான் நட்டுகளை இறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் இளகவில்லை. கியூபெக் நகரம் தாண்டியதும் சமவெளி முடிந்து, மலைச்சாலை ஏறி இறங்கத் தொடங்கியது. அமலன் சொன்னது உண்மைதான். வளைவுகளில் வாகனம் சற்றுச் சோம்பலாகத் திரும்பியது. வேகத்தைக் குறைத்தால் தொல்லையில்லை. ஒரு நீண்ட ஏற்றத்தில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி நித்திரையாகியிருந்தார். விபத்துக்குப் பிறகு பகலில் அவர் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை.

பே சென் போலில் இரவு தங்கினோம். விடுதிக்காரப் பெண் "பொஞ்சூர்" சொல்லிச் சாவியைத் தந்தபடி, இந்த வருடம் றோட்டெல்லாம் படுமோசம், வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று பிரெஞ்சில் அலுத்துக்கொண்டார். இவர் தன் துறைமுகப் பிரெஞ்சில், "இல்லை மதாம், நல்ல றோட்டு," என்றார். அந்தப் பெண் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்.

ஞாயிறு காலை, சாலை முடிகிற இடத்தில் சாகெனே ஆற்றைக் கடக்கும் பாதைப்படகில் வாகனத்தோடு ஏறினோம். கட்டணம் இல்லை, பத்து நிமிடப் பயணம். தடூசாக் பாறைகளில் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. ஒரு மணிநேரம் காத்திருந்த பிறகு, சாம்பல் நீரில் மூன்று வெள்ளை முதுகுகள் எழும்பி அமிழ்ந்தன. பெலுகா திமிங்கிலங்கள். தூரத்தில் ஒரு கொள்கலன் கப்பல் கடலை நோக்கிப் போனது. அது மறையும்வரை இவர் நின்றுகொண்டே பார்த்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.

பிற்பகலில் திரும்புகிற படகில் அவர் வாகனத்தைவிட்டு இறங்கி, கம்பியைப் பிடித்தபடி தட்டில் நின்றார். பின்னால் விலகிப்போகும் கரையில், மலையோரமாக நாங்கள் போகாத சாலை வடக்கே ஏறிக்கொண்டிருந்தது.

"அது எங்கை மட்டும் போகுது?" என்று கேட்டார்.

"கெகாஸ்கா எண்டொரு ஊர் மட்டும். இன்னும் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேலை."

"தார் றோட்டோ?"

"அனேகமா."

கரை சின்னதாகிக்கொண்டு போனது. அவர் அந்தச் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்குப் பள்ளிக்கூட லீவு எப்ப துவங்குது?" என்றார்.