அப்பாவின் களிசானில் வெள்ளைக் கரடி

பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் நான் சேர்ந்ததற்குச் சேவை மனப்பான்மை காரணமில்லை. பட்ஜ்தான் காரணம். தடித்த துணியில் நூல்வேலை செய்த சின்னங்களைச் சேர்ப்பதும், ஒருவனுக்கொருவன் மாற்றிக்கொள்வதும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பெடியங்களுக்கு இருந்த பெரிய பைத்தியம். சந்தை கூடுவது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். சமையலுக்குக் கிடைக்கும் பட்ஜுக்கு அங்கே மதிப்பே இல்லை. புட்டு அவித்துக் காட்டிய எல்லோரிடமும் அது இருந்தது.

என்னிடம் ஒரு வெள்ளைக் கரடி இருந்தது. நோர்வேயிலிருந்த அம்மாவின் தம்பி, போரால் பாதை மூடுவதற்கு முன் ஒரு குளிர்ச் சட்டை அனுப்பியிருந்தார். எங்கள் கரவெட்டி வெயிலில் அதைப் போட்டால் மனிதன் அவிந்துவிடுவான். சட்டைக் கையிலிருந்த பட்ஜை மட்டும் பிளேட்டால் அறுத்தெடுத்தேன். கடும்நீல வட்டத்துக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் கரடி. நெல்லியடித் தையற்காரர் ஒருவரின் மகன் எங்கள் படையில் இருந்தான். அவன் தன் பாய்க்கப்பல் பட்ஜைத் தருகிறேன் என்று என் பின்னாலேயே திரிந்தான். நான் மசியவில்லை. கரடியைப் பிஸ்கட் பேணிக்குள் பூட்டி வைத்த தனவான் நான்.

ஒருநாள் காலை அப்பா கந்தோர் வேலைக்குப் புறப்பட்டார். எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் மணல் கும்பி. அதில் ஏற அப்பா சைக்கிள் சீற்றை விட்டு எழுந்து மிதித்தபோது சேட்டு மேலே ஏறியது. அவருடைய நீலக் காற்சட்டையின் பின்பக்கத்திலிருந்து என் கரடி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

குசினிக்குள் ஓடினேன்.

"அம்மா, என்ரை கரடி எங்கை?"

"எந்தக் கரடி?"

"அப்பான்ரை களிசானிலை போகுதே, அது!"

"ஓ, உதுவோ?" அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. "சைக்கிள் சீற் தேச்சு களிசான் பொத்துப் போச்சு. நீலத்துணி தேடிக் களைச்சுப் போனன். உன்ரை பேணிக்குள்ளை பாத்தால் அளவெடுத்து வெட்டினமாதிரி இருந்துது. நல்ல தடிப்பான துணி."

"அதிலை கரடி இருக்கெணை!"

"அவர் கதிரையிலை இருந்தால் கரடி தெரியாதுதானே. கந்தோரிலை அவர் எந்த நேரமும் இருக்கிறவர்."

நான் வெளியே போகத் திரும்பினேன். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அவருக்குச் சொல்லிப் போடாதை. பிறகு போடமாட்டன் எண்டு நிண்டால், மிச்சமிருக்கிற மற்றதும் கிழிஞ்சுபோம்."

உடுப்புத் துணி யாழ்ப்பாணத்துக்குள் வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அப்பா சேட்டை வெளியே விடுகிற ஆள் என்பதால் கரடி பெரும்பாலும் ஒளிந்தே இருந்தது.

பிறகு எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வந்தது. பெற்றார் சங்கத்தின் சார்பில் விளக்கேற்ற அப்பாவை அழைத்தார்கள். மேடை என்பதால் சேட்டை உள்ளே விட்டு, பெல்ற் கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். மேடையின் பின்வரிசையில் கொடிகளோடு விறைப்பாக நின்றது எங்கள் சாரணர் படை.

அப்பா குனிந்தார்.

காற்று மெழுகுதிரியை அணைத்தது. நிமிர்ந்தார். யாரோ கொளுத்திக் கொடுத்தார்கள். மறுபடி குனிந்தார். மறுபடியும் காற்று. ஒவ்வொரு தடவையும் கரடி எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனது.

பக்கத்தில் நின்ற தையற்காரரின் மகன் உதட்டை அசைக்காமல் கேட்டான். "மச்சான், அது உன்ரை கரடியெல்லோ?"

"பேசாமல் நில்லடா."

"கப்பலைத் தாறன். இப்பவே மாத்துவம்."

"இப்ப எப்பிடியடா மாத்துறது?"

வரிசை முழுவதும் கொடிக்கம்புகள் ஆடத் தொடங்கின. பொறுப்பாசிரியர் முறைத்துத் திரும்பினார். எங்கள் கண்கள் போன திசையில் அவரும் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தவர், விளக்கு எரிந்து முடியும்வரை தலையைக் கீழே இறக்கவில்லை.

"பெடியள் நல்ல சந்தோசமாய் நிண்டவங்கள், என்ன?" என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும்.

அவர் வாங்கிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் தையற்காரரின் மகன் கப்பலோடு படலைக்கு வந்துவிட்டான்.

"ஐயா, உங்கடை பின்பக்கத்திலை இருக்கிறதை மாத்த வந்தனான்."

அப்பாவின் கை மெல்லப் பின்னால் போனது. தடவிப் பார்த்தது. எழுந்து அறைக்குள் போனவர், இடுப்பில் சாரத்தோடும் கையில் களிசானோடும் திரும்பி வந்தார். அம்மா, அரிசி களைய வேண்டும் என்று குசினிக்குள் மறைந்துவிட்டார்.

"அப்ப, நான் விளக்கு ஏத்தேக்கை...?"

"ஓம் ஐயா. வடிவாய்த் தெரிஞ்சுது."

அப்பா கரடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி விழப்போகிறது என்று நான் வேலிப்பக்கம் நகர்ந்தேன். ஆனால் அவருடைய தோள்கள்தான் முதலில் குலுங்கின. பிறகு கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். குசினிக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வெடித்தது. சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உது ஆற்றை?"

"என்ரை," என்றேன்.

"என்ரை களிசானிலை கிடக்கு. அப்ப பாதி என்ரை." அவனைப் பார்த்தார். "கப்பல் இவனுக்கு. எனக்கு என்ன தாறாய்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"கொப்பரின்ரை தையற்கடையிலை நீலத்துணி வெட்டுத்துண்டு கிடக்குமெல்லோ? கரடியை அவிழ்த்துப்போட்டு அதை வைச்சுத் தைக்கச் சொல்லு. பொக்கற்றும் ஓட்டை. அதையும் சேத்துச் சொல்லு."

நாங்கள் வருடக்கணக்காகத் தொட்டிக்குப் பின்னால் மாற்றியதில் இவ்வளவு திறமான பேரத்தை நான் கண்டதில்லை.

களிசான் புதிதுபோல வந்தது. கப்பல் என் பேணிக்குள் போனது. தையற்காரரின் மகன்தான் மறுநாள் அழாக்குறையாக வந்தான். சைக்கிள் சீற் தேய்த்ததில் கரடிக்குப் பல்லும் இல்லை, கண்ணும் இல்லை. கிட்டப் பார்த்தால் வெள்ளையாக ஏதோ ஒன்று நின்றது.

"மாத்தினது மாத்தினதுதான்," என்றேன்.

அவனும் லேசுப்பட்டவன் அல்ல. அடுத்த கிழமையே அதை வெளிநாட்டுச் செம்மறியாடு என்று சொல்லி, கீழ்வகுப்புப் பெடியன் ஒருவனிடம் இரண்டு பட்ஜுக்கு மாற்றிவிட்டான். அந்தப் பெடியன் அதைத் தன் சட்டைப் பையில் தைத்துக்கொண்டு மார்பை நிமிர்த்தி நடந்தான். ஒருநாள் என்னை மறித்து, "அண்ணை, இந்தச் செம்மறி எந்த நாட்டிலை நிக்கிறது?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"நோர்வேயிலை," என்றேன்.