லியென் மாமி வைத்த கோப்பை

வெள்ளவத்தையில் புதிதாய்த் திறந்த வியட்நாம் சாப்பாட்டுக்கடையில், யாரோ ஒருவரின் படத்துக்கு முன் ஒரு கோப்பைச் சோறும் ஊதுவத்தியும் இருந்தன. எனக்கு லியென் மாமியின் ஞாபகம் வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்வீட்டுக்காரர் சைகோனில் கடை வைத்திருந்தபோது கட்டிய வியட்நாம்காரி அவர். அங்கே யுத்தத்தில் காணாமல்போன தன் தம்பிக்கு, அவன் வீட்டைவிட்டுப் போன நாளில் படைப்பார். ஊதுவத்தி எரிந்து முடியும்வரை ஒருவரும் சாப்பிடக்கூடாது. அதுவரை அவன் சாப்பிடுகிறானாம்.

எண்பத்துமூன்று கலவரத்தில் வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. அடுத்த வருஷம் அதே நாள், மாமி எங்களை மேலே கூப்பிட்டு, அப்பாவுக்கும் ஒரு கோப்பை வைத்தார்.

“அவர் செத்துப்போனார் எண்டு ஆர் சொன்னது?” அம்மா சீறினார்.

“ஒருத்தரும் சொல்லேல்லை, தங்கச்சி. உயிரோட வந்தாலும் பசிக்கும்தானே?”

அம்மா கீழே இறங்கிப்போய், அப்பாவுக்குப் பிடித்த நெத்தலிப் பொரியலோடு திரும்பி வந்தார்.

“சூப் ஆறுது, சாப்பிடுங்கோ,” என்றாள் கடையில் பரிமாறிய பெண். ஊதுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.